கவர் கேட்டுப் போன வீடுகள்

சந்தனம்மாள் மயிலாடும்பாறையை விட்டுக் கம்பத்துக்கு வந்தது மகளுக்காகத்தான். மறு வருசமே மருமகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, மகள் விஜி குடும்பத்தோடு கிளம்பிவிட்டாள். "அங்கன வீடு பாத்துட்டு ஒன்னையும் கூட்டிக்கிறேம்மா" என்று சொல்லிப் போனவள், அப்புறம் போனில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இவளும் கேட்கவில்லை. இறந்துபோன கணவரின் பென்ஷன் வந்தது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தெருவில் யாரோடும் பகையில்லை, பழக்கமும் இல்லை. காலையில் பால்காரரிடம் பேசினால், அடுத்த பேச்சு மறுநாள் பால்காரரிடம்தான்.

2005இல் ஒரு மகளிர் குழு, சுருளிப்பட்டி ரோட்டில் செட் போட்டு பிளாஸ்டிக் அரைக்கும் மிஷின் வைத்தது. அரைத்ததைத் தாரில் கலந்து ரோடு போடக் கொடுப்பார்கள். குழுவைச் சேர்ந்த வேல்விழி தெருவுக்கு வந்து சொன்னாள்: "பால் கவர், எண்ணெய் கவர், கேரி பேக் எதையும் எரிக்காதீக. கழுவிக் காய வச்சு, யாராச்சும் ஒருத்தர் வாங்கி வையுங்க. நாங்க வந்து எடுத்துக்கிறோம்."

"நான் வாங்கி வைக்கிறேன்" என்றாள் சந்தனம்மாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே திகைப்பாக இருந்தது.

முதல் சனிக்கிழமை சாக்கோடு போனபோது கதவைத் தட்டக் கை கூசியது. போகப் போகப் பழகிவிட்டது. மேல வீட்டு உமாதேவி கொடுத்த பையில் ஒருநாள் மிக்சர் கவரும் அல்வாக் கவருமாகக் கிடந்தன.

"என்ன உமா, தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தாகளா?"

"எப்பிடிக்கா கண்டுபிடிச்சீக?" என்று உமாதேவி சிரித்தாள். வாசலிலேயே அரை மணி நேரம் பேச்சு ஓடியது. அன்று ராத்திரி சோறு கூடுதலாக இறங்கியது சந்தனம்மாளுக்கு.

அடுத்த மழைக்காலத்துக்குள் ரோட்டு வேலை முடிந்துவிட்டது. மிஷினும் பழுது. "இனிமே வாங்க வேணாம்க்கா. எங்களாலயும் எடுக்க முடியல" என்று சொல்ல வந்த வேல்விழிக்கு முகமே சரியில்லை.

சந்தனம்மாள் இதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை வழக்கம்போல சாக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

மூட்டைகள் அடுப்படியை அடைத்தன, பிறகு கட்டிலைச் சுற்றி ஏறின. மழையில் கவர்கள் காயாமல் நாறின. எலி வந்தது. பழைய சாமான் கடைக்கு ஒரு மூட்டையைச் சுமந்துபோனாள். "பக்கெட்டு, சேர் மாதிரி கெட்டியா இருந்தாக் குடுங்கம்மா. இந்தக் கவரெல்லாம் எடுக்க மாட்டோம்" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசியில் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இதென்ன வீடா, குப்பைக் கெடங்கா? ஒண்ணு இதைக் காலி பண்ணுங்க, இல்ல வீட்டைக் காலி பண்ணுங்க."

ஒரு டெம்போ பிடித்து மூட்டைகளை ஏற்றினாள். கூடவே போனாள். ஊர்க் குப்பை மேட்டில் ஏற்கெனவே நெருப்புக் கனன்றுகொண்டிருந்தது. டிரைவர் அதன் ஓரத்திலேயே தள்ளிவிட்டார். ஒவ்வொன்றாக அலசி, கொடியில் காயப்போட்டு, மடித்து வைத்த கவர்கள் சுருண்டு உருகின. கரும்புகை மூக்கில் ஏறியது. "போலாம்மா" என்று டிரைவர் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு உமாதேவி வீட்டுக்குப் போனாள். கட்டி வைத்திருந்த பையை உமாதேவி நீட்டினாள்.

"வேணாம் உமா. அங்கன வாங்குறத நிறுத்திட்டாக. சும்மா ஒன்னையப் பாக்க வந்தேன்."

"சும்மாவா?" நீட்டிய பையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றாள். "அடுப்புல வேலை கெடக்குக்கா. பெறகு வாங்களேன்."

அடுத்த வீட்டிலும் அப்படித்தான் ஆனது. அதற்கடுத்த வீட்டில் கதவு திறக்கவேயில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் கேட்டது. தெருக்கோடியில் கருத்தம்மாள் மட்டும், "வா, இங்கன உக்காரு" என்று பாயை விரித்துவிட்டு, தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தாள். சந்தனம்மாள் விளக்கு வைக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வீடுதான்.