யார் கையில் சிலாய்

அனலின் என்ற பெண் ஓர் ஆன்லைன் விளையாட்டில் மூன்று வருடம் பாடுபட்டு வளர்த்தவள் சிலாய். பல் மருத்துவமனையில் வேலை முடிந்ததும் அனலின் நேராகப் போயெட்டின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஆட உட்காருவாள். ஒரே குகையில் அதே அரக்கர்களைத் திரும்பத் திரும்ப வெட்டி, தன் வீராங்கனையை லெவல் லெவலாக ஏற்றுவாள். பகோலோட் நகரில் அந்த ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறவர்களில் சிலாயின் கவசத்தையும் வாளையும் அறியாதவர்கள் இல்லை.

பக்கத்து அழகு நிலையத்தில் முடி வெட்டும் ஜிங்கி மழைக்காலத்தில் இந்தக் கடைக்கு ஆட வந்து சேர்ந்தாள். விளையாட்டில் அவள் எடுத்தது ஒரு திருடன் வேடம். சப்பைக் கவசம், குட்டிக் கத்தி, அவ்வளவுதான். ஒரு நாள் சும்மா இருவரும் மோதினார்கள். சிலாயின் ஒரு வெட்டு பட்டாலே திருடன் காலி. ஆனால் படவேண்டுமே! வாள் ஓங்கும்போதே ஜிங்கி நழுவினாள். முதுகுப்பக்கம் வந்து கீறிவிட்டு ஓடினாள். கடைசியில் எப்படியோ ஒரு வெட்டு பட்டுத் திருடன் விழுந்தான்.

ஜெயித்தது அனலின். கைதட்டல் ஜிங்கிக்கு.

"யப்பா, என்ன விரலும்மா உனக்கு!" என்றார் போயெட். கடை அவருடையது, அங்கே சேர்ந்து ஆடும் குழுவுக்கும் அவர்தான் தலைவர்; எல்லோரும் அவரை மானோங், அதாவது அண்ணன், என்பார்கள். "சிலாய் மட்டும் இவ கையில கெடச்சா எவன் எதுர நிப்பான்?"

அனலினுக்குச் சுருக்கென்றது. "கெடச்சுத்தான் பாக்கட்டுமே மானோங். ஜிங்கி, நீ சிலாயை எடு. உன் திருடனைக் குடு எங்கிட்ட."

"வேணாம் மானாங், எனக்கு அந்தக் கவசமெல்லாம் பழக்கமில்ல." அனலினை அக்கா என்ற பொருளில் மானாங் என்றுதான் கூப்பிடுவாள் ஜிங்கி.

"பயமா?"

கனத்த கவசத்தில் ஜிங்கி தடுமாறுவாள் என்றே அனலின் நம்பினாள். தடுமாறினாள்தான், முதல் சில நொடிகள். அப்புறம் சிலாய் திரும்பிய திருப்பம் இருக்கிறதே, அப்படி அவள் திரும்பி அனலின் பார்த்ததே இல்லை. திருடன் எந்தப் பக்கம் போவான் என்று தெரிந்தது போல வாள் முன்னாலேயே அங்கே இருந்தது. தன் புருஷன் வேறொருத்தியோடு நடனம் ஆடுவதைப் பார்ப்பது போல இருந்தது அனலினுக்கு. அதுவும் அவனுக்கு இவ்வளவு நன்றாக ஆடத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது போல.

மறுநாள் போயெட் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஞாயித்துக்கெழமை மத்த குழுக்களோட நடக்கற கோட்டைச் சண்டைக்கு மட்டும் சிலாயை ஜிங்கிகிட்ட குடேன். எல்லாருக்காகவும்தான் கேக்கறேன்."

மறுத்தால் பொறாமைக்காரி என்பார்கள். கொடுத்தாள்.

ஞாயிறு மதியம் கடையே ஜிங்கியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. கோட்டை விழுந்தது. 'கோட்டையைச் சிலாய் கைப்பற்றினாள்' என்று எல்லோர் திரையிலும் ஓடியது.

"பாருங்க மானாங், உங்க சிலாய் பேருதான் வந்துருக்கு!" என்று ஜிங்கி அனலின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். ஜிங்கி மனசில் கள்ளமில்லை. அதுதான் அனலினால் தாங்க முடியாமல் போயிற்று. வீட்டுக்குப் போனதும் சிலாயின் பாஸ்வேர்டை மாற்றினாள்.

அடுத்த ஞாயிறு அந்தக் கோட்டையைக் காக்க வேண்டிய நாள். அனலின் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஜிங்கி ஆடலியா?" என்றார் போயெட்.

"அவ திருடனை ஆடட்டும். சிலாய் என்னுது மானோங். தோத்தாலும் நான்தான் தோப்பேன்."

தோற்றாள். சுவர் ஏறி வந்தவர்களைச் சிலாயின் கவசம் நெடுநேரம் தாங்கியது. ஆனால் வாள் காற்றைத்தான் அதிகம் வெட்டியது. கோட்டை வாசலில் அவளோடு கடைசிவரை நின்றது ஜிங்கியின் திருடன்.

"எடப்பக்கம் மானாங், எடப்பக்கம்! அய்யோ, நான் போயிட்டேன்!" என்று கத்திய ஜிங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நிமிடம் சிலாயும் விழுந்தாள்.

போயெட் எழுந்து போய் மின்விசிறியைத் திருப்பி வைத்தார். ஜிங்கி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்த ஈட்டிக்காரனைப் பாத்தீங்களா? ரெண்டு பேரும் அவனை எப்புடி ஓட விட்டோம்! அடுத்த வாரம் திருப்பிப் புடிப்போம், என்ன?"

"ம்" என்றாள் அனலின். தோற்றுவிட்டு அப்படிச் சிரிக்க முடிகிறதே என்று, அதற்கும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.