திருத்தக் கூடாத பிழை

முப்பத்தோராண்டுகளாகப் பிறர் எழுதிய நூல்களின் பிழைகளைக் களைந்தே கண்ணொளியைச் செலவிட்டவர் அந்த மெய்ப்புத் திருத்துநர். அச்சகத்தில் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். மரியாதை கருதிச் சிலர் சிவப்பு மையார் என்பார்கள். திருமண அழைப்பிதழ் கொடுக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, அழைப்பிதழைத் திருத்தி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். அவர் பெயர் முகப்பில் அச்சாகும் முதல் நூல் இப்போதுதான் வரவிருந்தது: ஒன்பதாயிரம் பழம்பாடல்களின் முதலடிகளை அகர வரிசையில் அடுக்கிய அகராதி. தவணை குறித்த வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கோப்பு வராவிட்டால், "அடுத்த வருஷம் பாக்கலாம் ஐயா" என்று முதலாளி சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் என்பது அந்த முதலாளியின் வாயில் எப்போதுமே அடுத்த வருஷம்தான்.

பணி பாதியில் நிற்கையில் வீட்டுக் கணினி உயிரை விட்டது. பழுது பார்க்க வந்தவர் அதன் வயிற்றைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நிமிர்ந்தபோது பரணிலிருந்த கறுப்புப் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன சார் மேல?"

"வீடியோ கேம் பெட்டி. என் மைத்துனனோடது. இப்ப ரெண்டு மாசம் லிஃப்ட் பழுது பாக்கிற பயிற்சிக்குப் போயிருக்கான். அந்தப் பெட்டியாலதான் அவன் உருப்படாமப் போனான்."

"உங்க கம்ப்யூட்டரை விட அது நல்ல கம்ப்யூட்டர் சார். விளையாட மட்டும்னு பூட்டி வச்சிருக்காங்க. லினக்ஸ் போட்டுத் தரேன், உங்க வேலை எல்லாம் அதுல நடக்கும்."

ஊர்பேர் அறியாத பலர் ஆளுக்கொரு பகுதியாய் எழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க, திருத்திக்கொள்க என்று விட்டுவிட்ட கட்டற்ற இயங்குதளம் அது என்று கேட்டதும் சிவப்பு மையாரின் நெஞ்சு நெகிழ்ந்தது. தாம் தொகுக்கும் பாடல்களிலும் பாதிக்குப் பாடியவர் பெயர் இல்லை. இனம் இனத்தைச் சேர்ந்தது என்று மகிழ்ந்தார். அதற்குள் நுழையும் வழியைக் கேட்டபோதுதான் மகிழ்ச்சி சற்றுச் சுருங்கிற்று.

பெட்டிக்குள் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு இருந்தது. வென்றவர் பெயரைப் பதியப் பன்னிரண்டு எழுத்துக்கே அதில் இடம். அளவு பாராமல் நாற்பதுக்குமேல் எழுதி, பழுது பார்ப்பவர் சீட்டில் கிறுக்கித் தந்த குறிகளையும் சேர்த்தால் விளையாட்டு தடுக்கி விழும். அந்த இடைவெளியில் லினக்ஸ் எழுந்து நிற்கும்.

"பெட்டியைப் போடுறப்பல்லாம் முதல்ல ஜெயிக்கணும் சார்."

"ஜெயிக்கணுமா? நானா?"

"ஒரே ஒரு ரேஸ். சின்னப் புள்ளைங்களே ஜெயிச்சிரும்."

அந்தச் சின்னப் பிள்ளைகளைச் சிவப்பு மையார் நான்கு நாள் பொறாமையோடு நினைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. இன்டர்நெட் வயரைச் சொருகிராதீங்க. சொருகினா, பிழை இருக்கு, திருத்தவான்னு கேக்கும். அந்தப் பிழைதான் சார் நமக்கு வாசல். வேலையை அப்பப்ப வெளியில ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க."

பிரதி மட்டும் அவர் எடுக்கவில்லை. இறுதித் திருத்தம் காணாத தாள் வெளியே போகலாகாது என்பது அவருடைய முப்பத்தோராண்டு விரதம்.

அன்று முதல் காலை ஆறு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, பழம்பாடல் ஒன்றை முணுமுணுத்தபடி அவர் பந்தயத்தில் இறங்கினார். அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுப்பாள்: "என்னங்க, ஜெயிச்சாச்சா? காப்பி கலக்கட்டுமா?"

"ஆபீஸ் திறந்தாச்சான்னு கேளு."

வென்றபின் பதியும் பெயரில்தான் அவருடைய கவித்துவம் வெளிப்பட்டது. மன்னர்களுக்குப் புலவர்கள் சூட்டிய விருதுப் பெயர்களைப் போலத் தமக்குத் தாமே, 'பிழைக்குக் கூற்றுவன், பதிப்புக்குக் காவலன்' என்று நீட்டி எழுதுவார். ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட முடிந்தது. அந்த இழுக்கைப் பாராட்டின் சுவை மறைத்தது.

இரண்டு மாதம் ஓடிற்று. தவணைக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை. முந்தைய நாளே அகராதி முடிந்திருந்தது. அச்சகத்துக்கு அனுப்பத்தானே இணையம் வேண்டும்? வயரைச் சொருகிவிட்டு வழக்கம்போல் விளையாட்டைத் திறந்தார். திரையில் எழுத்துகள் தோன்றின: இதில் ஒரு பிழை கண்டறியப்பட்டுள்ளது. திருத்தலாமா?

மனம் படித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் ஆம் என்றது. பிழை என்ற சொல்லைக் கண்டபின் அந்தக் கை ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை.

பந்தயத்தில் வென்றார். பன்னிரண்டு எழுத்தோடு பெயர்ப்பலகை நின்றுவிட்டது. மீண்டும் வென்றார். மீண்டும் பன்னிரண்டு. ஒன்பதாயிரம் முதலடிகளும் உள்ளே, அவர் வெளியே. பழுது பார்ப்பவரின் தொலைபேசியோ மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"தம்பி பயிற்சி முடிஞ்சு வந்துட்டான், பஸ்ஸைவிட்டு இறங்கிட்டானாம். அவனைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"அவனையா?"

"வேற யார் இருக்கா?"

மைத்துனன் பையைக்கூட இறக்காமல் கூடத்தில் நின்று, தன் பெட்டியையும் அதன் முன் சம்மணமிட்டிருந்த அக்காள் கணவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வா மாப்ளே" என்றார் சிவப்பு மையார்.

"மாப்ளேயா? இத்தனை நாளா வெட்டிப் பயலாத்தானே இருந்தேன்? சரி, என் பெட்டியில என்ன மாமா பண்றீங்க?"

"வேலை."

அவன் விசைப்பலகையை வாங்கி எதையோ திறந்தான். "அம்பத்தெட்டு நாள். தினம் காலைல ஆறு மணி. எல்லாத்துலயும் முதல் இடம். ஆனா பேர் இருக்க வேண்டிய எடம் காலி. அக்கா, யாரு இந்த அடக்கமான மனுஷன்?"

அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கையும் களவுமாய் அகப்பட்டவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மைத்துனன் சிரிப்பதை நிறுத்தினான்.

"வயரைப் பிடுங்கிட்டு, விளையாட்டை முழுசா அழிச்சு, பழைய டிஸ்க்குலேருந்து திரும்பப் போட்டா அந்தப் பிழை வந்துரும் மாமா. ஆனா புதுசாப் போட்டா, எட்டு ரேஸும் ஜெயிச்சாத்தான் பேர் எழுதற பலகையே வரும்."

"அகராதி அழியாதே?"

"அது வேற எடத்துல இருக்கு. அழியப்போறது என்னோடது." திரையைக் காட்டினான். எட்டுத் தடங்களின் சாதனைப் பட்டியலிலும் முதல் வரியில் அவன் பெயர். "நாலு வருஷம் மாமா. என் பேர் வந்த ஒரே எடம் இதுதான்."

அழித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தவர் அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தார். தம் பெயர் ஓரிடத்தில் வருவதற்கு முப்பத்தோராண்டு காத்திருந்தவருக்கு அந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

"வேண்டாம் விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் கடைசியில்.

"புஸ்தகத்துல உங்க பேர் வர்றது இதுதான் முதல் தடவை, இல்ல?"

"ஆமா."

மைத்துனன் அழித்தான். அப்புறம்தான் தோளிலிருந்து பையை இறக்கினான்.

மாலை வரை பந்தயம் நடந்தது. "முதல் தடம் எனக்குப் பழக்கம், நான் ஓட்டறேன்" என்று பெருமையோடு வாங்கி ஓட்டினார் சிவப்பு மையார், வென்றும் கொடுத்தார். மற்ற ஏழையும் மைத்துனன் ஓட்ட, பக்கத்தில் அமர்ந்து, "வளைவு, வளைவு! டேய், அந்தச் சிவப்புக் காரை விடாதே!" என்று கூவினார். காப்பி மூன்று முறை ஆறிப்போனது.

எட்டாவதும் முடிந்து பெயர்ப்பலகை விரிந்தது. மைத்துனன் விசைப்பலகையை நீட்டினான்.

சிவப்பு மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்று அவர் தமக்குரிய விருதுப் பெயர்களை எழுதவில்லை. நிறுத்தி நிதானமாய், ஒவ்வோரெழுத்தையும் சரிபார்த்துத் தட்டினார்: 'எட்டுத் தடத்தும் எதிரிலா வேந்தன், தன்பெயர் ஈந்து பிறர்பெயர் காத்த பெருங்கொடை மைத்துனன்.'

மைத்துனன் உதடசைத்து ஒருமுறை படித்தான். இரண்டாம் முறை படிக்கத் தொடங்குவதற்குள் சீட்டிலிருந்த குறிகளையும் அவர் தட்டி முடித்துவிட்டார். விளையாட்டு தடுக்கி விழுந்தது. திரை இருண்டது, பாராட்டு முழுவதும் இருளோடு போயிற்று. வென்றவன் பெயரை விழுங்கினால்தான் திறக்கும் வாசல் அது.

லினக்ஸ் எழுந்து நின்றது. ஒன்பதாயிரம் முதலடிகளும் வரிசை குலையாமல் இருந்தன. உடனே அவற்றைப் பென்டிரைவில் ஏற்றினார். விடிந்ததும் அச்சகத்துக்குக் கொண்டுபோவதற்காக, திருத்தம் பார்க்காமலே மனைவியின் கையில் பத்திரமாய்க் கொடுத்தார்.

"மாமா, நீங்க எழுதினது எங்கயாவது சேமிச்சிருக்குமா?"

"இருக்காது. அந்தப் பிழையோட குணமே அதுதான்."

"நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை எழுதுவீங்களா?"

சிவப்பு மையார் விசைப்பலகையை அவன் மடியில் வைத்தார்.

"ஜெயி, எழுதறேன்."