வலப்பக்கத்திலிருந்து பன்னிரண்டு குறிகள்

கூடத்து மேசைமேல் நிச்சயப் பெட்டி தயாராக இருந்தது. மோதிரம், பட்டுத் துணி, வாசனைப் புட்டி. நாலு மணிக்கு நிதாலின் தாய் லத்தீஃபா வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனால் எல்லாம் முடிந்தது. ஹைஃபா அந்தப் பக்கம் பார்க்காமல் மாடி அறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தாள்.

அவளும் நிதாலும் பழகியதே ஒரு விண்வெளி விளையாட்டில்தான். கோடிக்கணக்கான கோள்கள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு குறிகளில் ஒரு முகவரி. வாயிலில் நின்று அவற்றை வரிசையாக அழுத்தினால் அங்கே போய் இறங்கலாம். எங்கே தண்ணீர், எங்கே நச்சு மழை என்று விளையாட்டு சொல்லாது. அதற்காக இருவரும் சேர்ந்து இணையத்தில் ஒரு வழிகாட்டி செய்தார்கள். நிதால் அலைந்து தகவல் சேர்த்தான், ஹைஃபா பக்கத்தை எழுதினாள். 'தலீல்' என்று பெயர், அரபியில் வழிகாட்டி. அவர்கள் ஊரான ஸ்ஃபாக்ஸிலிருந்து அல்ஜீரியா வரைக்கும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பலர் விண்கப்பலையே எடுத்தார்கள்.

சண்டை விளையாட்டில் வரவில்லை. தெற்கே தத்தாவீனில் ஆசிரியர் வேலைக்கு, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் நிதால் சரி சொல்லிவிட்டான். மூன்று வாரம் பேச்சில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: 'வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து காத்திருப்பேன். புதுக் கோள். முகவரி தலீலில் இருக்கிறது. வராவிட்டால் புரிந்துகொள்வேன்.'

அவள் போனாள். வெறும் பனி. மாலை வரை காத்தும் யாரும் வரவில்லை. அன்றே அவன் எண்ணைத் தடுத்துவிட்டு, "பெட்டியத் திருப்பிக் குடுத்துடு உம்மா" என்றாள். அது நடந்து எட்டு நாள் ஆயிற்று.

இப்போது தலீலில் ஒரு புகார் வந்திருந்தது. அல்ஜீரியாவின் செத்தீஃப்காரர் ஒருவர்: 'சகோதரி, பச்சைக் கடல்னு போட்டிருக்கீங்க. போய் இறங்கினா உப்புப் பாலைவனம். குளிக்கக் கிளம்பின மனுஷனுக்கு இதுவா மரியாதை?'

அவளே அழுத்திப் பார்த்தாள். உப்புதான்.

தங்கை சிரீன் உள்ளே வந்தாள். "அந்த வாசனைப் புட்டி பாதிதான் இருக்கு. மாமி கேட்டா என்ன சொல்லப்போறே?"

"மீதிய நீ பூசிக்கிட்டேன்னு சொல்லுவேன்."

"பாதியில பாதிதான் நான்." சிரீன் திரையை எட்டிப் பார்த்தாள். "என்ன இது, பறவை, சூரியன், படகு…"

"தலைகீழாப் படிக்கிறே. இடது பக்கம்தான் ஆரம்பம்."

"சுத்தி எல்லாத்தையும் அரபியில எழுதி வெச்சிட்டு, இது மட்டும் இடது பக்கமா? பைத்தியமே, யாருக்குத் தெரியும்?"

ஹைஃபாவின் கை அப்படியே நின்றது.

பேச்சில்லாத அந்த நாட்களில்தான், எல்லோரும் கேட்கிறார்களே என்று பிரெஞ்சில் இருந்த தலீலை அரபிக்கு மாற்றினாள். பக்கத்தை வலமிருந்து இடமாகத் திருப்ப ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எழுத்தோடு சேர்ந்து குறிகளும் திரும்பிவிட்டன. கணக்கு, குறி என்றாலே இடமிருந்து வலம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய கண்ணுக்கு அது படவேயில்லை.

நிதாலின் முகவரியை எடுத்தாள். வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

செம்மண் குன்று. அதன்மேல் ஒரு வீடு. கூரையில் நாலு தூண்கள் சும்மா வானத்தைப் பார்த்து நின்றன, ஊரில் எல்லா வீட்டிலும் அடுத்த மாடிக்கென்று விட்டு வைப்பதுபோல. வாசலில் அறிவிப்புப் பலகை.

'வெள்ளி. வந்துவிட்டேன்.'

'வெள்ளி மாலை. உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.'

'திங்கள். கீழ்த்தளம் முடிந்தது. மாடி உன் இஷ்டம்.'

'வியாழன். மாடி அப்படியே இருக்கிறது.'

கீழே அழைப்பு மணி அடித்தது. சிரீன் அறையை விட்டு ஓடினாள். லத்தீஃபாவின் குரல் கேட்டது. ஹைஃபா தடையை நீக்கி நிதாலைக் கூப்பிட்டாள்.

"நீ வரல," என்றான், எடுத்த எடுப்பில்.

"வந்தேன். மாலை வரைக்கும் பனியில நின்னேன். தலீல் உன் குறிகளைத் திருப்பிப் போட்டிருக்கு. அரபியாக்கினேன்ல, என் தப்பு."

அவன் சிரித்தான். பாதியில் குரல் உடைந்தது. "எட்டு நாளா அந்தச் சுவரோட பேசிட்டிருக்கேன்டீ."

"தத்தாவீன் பத்தி இன்னும் சண்டை பாக்கி இருக்கு."

"போடு. நேர்ல வந்து போடு. எங்கம்மா…"

"கீழ வந்துட்டாங்க."

"பெட்டியக் குடுத்துடாதே!"

அவள் இறங்கும்போது பாதிப் படியில் சிரீன் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள், கதவோரம் ஒட்டுக் கேட்ட முகத்தோடு. ஹைஃபா கண்ணைக் காட்ட, பெட்டி மேலே போயிற்று.

கூடத்தில் லத்தீஃபா கைப்பையைத் திறக்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "பெட்டி எங்கேம்மா? சீக்கிரம் குடு, நான் போறேன்."

"மாடிக்குப் போயிடுச்சு மாமி," என்றாள் ஹைஃபா. "காபியில ஆரஞ்சுப் பூ நீர் விடவா?"