இரண்டு பக்கமும் சுழன்ற காற்றாடி

இது நடந்தது அக்டோபரிலா நவம்பரிலா என்று எனக்கு நிச்சயமில்லை. மழை பெய்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் க்ரீஃப் ஊரில் மழையை வைத்து மாதம் சொல்ல முடியாது. இஷ்பெல் ஒரு விதமாகச் சொன்னாள், நெட்டா வேறு விதமாகச் சொன்னாள், ராப் சொல்லவே இல்லை. இஷ்பெல் சொன்னதை ஒட்டியே சொல்கிறேன். தப்பிருந்தால் அதில் பாதி அவளுடையது.

இஷ்பெல் ராட்ரே எங்கள் பேப்பர் வெயிட் சேகரிப்போர் சங்கத்தின் கண். ஊரில் முன்பு இருந்த பட்டறையில் கண்ணாடிக்குள் பூக்களை அடைத்துப் பேப்பர் வெயிட் செய்தார்கள். ஒவ்வொரு பூவும் ஒரு கண்ணாடிக் கோலின் துண்டு. வெண்டைக்காயை நறுக்கினால் எந்தத் துண்டிலும் அதே வடிவம் தெரிகிறதல்லவா, அப்படி. அந்தப் பட்டறையில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. பூவைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்லவேண்டும்.

அதில் காற்றாடிப் பூ ஒன்று உண்டு, நான்கு இறக்கையும் ஒரே பக்கம் வளைந்தது. இறக்கை வலது பக்கம் வளைந்திருந்தால் செய்தவர் ராப் ராட்ரே, இடது பக்கம் என்றால் நெட்டா கெடஸ். இது இஷ்பெல் கண்டுபிடித்த விதி. இருவரும் அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். உங்கள் காற்றாடி எந்தப் பக்கம் என்று தனித்தனியாகக் கேட்டாள், இருவரும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள், விதி பிறந்துவிட்டது. ராப் அவள் கணவன். நெட்டா பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மற்றவர் தன்னைப் பார்த்துக் காப்பியடித்தார் என்று இருவருமே நினைத்தாலும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தார்கள்.

பிறகு டண்டீ நகரில் ஏலம் எடுத்த ஒரு பேப்பர் வெயிட் சங்கத்துக்கு வந்தது. அதற்குள் வலது, இடது இரண்டு காற்றாடியும் இருந்தன.

பெர்த் நகர அருங்காட்சியகத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. செய்தவர் யார் என்று அடியில் எழுதவேண்டும், இஷ்பெல் சொன்னால் போதும் என்றார்கள். அன்றோடு சிரிப்பு போயிற்று.

"என் தட்டுல இருந்து பூத் துண்டைத் தூக்கியிருக்கா," என்றான் ராப்.

"உன் தட்டுல என்னடா இருந்துச்சு? பாதி உடைஞ்சது, மீதி கோணல்," என்றாள் நெட்டா.

வீட்டில் ராப் இஷ்பெல்லிடம் பேசுவதை நிறுத்திவிட்டு நாயிடம் பேசினான். "உங்கம்மா எந்தக் கட்சின்னு கேளுடா," என்பான். நாய் அவளைப் பார்க்கும். கறியும் உருளைக்கிழங்கும் ஆறிப்போகும். நெட்டா தொலைபேசியில் ஒரே வரி சொன்னாள்: "அவன் பேரைப் போட்டேன்னா வியாழக்கிழமை நீச்சலுக்கு என்னைக் கூப்பிடாதடி." கணவனையும் தோழியையும் தராசில் வைக்கச் சொன்னால் யார்தான் எடை போடுவார்கள்?

சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் சங்கம் கூடியது. துண்டுத் துணியில் வைத்த பேப்பர் வெயிட்டை ஒவ்வொருவராக வாங்கி பூதக்கண்ணாடியில் பார்த்து அடுத்தவரிடம் தரவேண்டும். சுற்று முடியுமுன் யாராவது ஒரு பெயரை உச்சரித்தால் அன்றைய தேநீர்க் கோப்பைகளை அவர்தான் கழுவவேண்டும். ஆகையால் அப்படி ஒரு அமைதி.

"தேநீருக்கு அப்புறம் முடிவு," என்றார் தலைவர் கின்னியர்.

அவர் மனைவி நீளமான ஜாம் ரோல் ஒன்று கொண்டுவந்திருந்தார். ராப் கத்தியை எடுத்து தன் பக்கத்து முனையில் வெட்டினான். அவன் முடிக்கும்வரை காத்திருப்பாளா நெட்டா? இன்னொரு கத்தியால் மறுமுனையை வெட்டினாள். இரண்டு துண்டும் இஷ்பெல்லின் தட்டுக்கு வந்து சேர்ந்தன. எதை முதலில் சாப்பிடுகிறாள் என்று கூடமே பார்த்தது.

அவள் எதையும் சாப்பிடவில்லை. ராப் வைத்த துண்டில் ஜாம் வலப்பக்கமாகச் சுருண்டிருந்தது. நெட்டாவுடையதில் இடப்பக்கமாக. முள்கரண்டியால் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். இரண்டு சுருளும் ஒரே பக்கமாகிவிட்டன. திரும்பவும் புரட்டினாள்.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டார் கின்னியரின் மனைவி.

"இல்ல. ராப், கோலை இழுக்கும்போது நீ ஒரு முனையைப் பிடிப்பே. மறுமுனை யாரு?"

சூடான கண்ணாடிக் கட்டியை இருவர் இரண்டு பக்கமும் கம்பியில் பிடித்து எதிரெதிராக நடந்தால்தான் அது கோலாக நீளும். தனியாக எவனாலும் முடியாது.

"இவதான்," என்றான் ராப். "ஒரே சீரா நடக்கத் தெரிஞ்சவ வேற யாரு இருந்தா அங்க?"

"சூளைப் பக்கம் இந்தத் துரை நிப்பாரு, வாசல் குளிர்ல நான்," என்றாள் நெட்டா.

"உன் முனையில காத்தாடி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது. எத்தனை தடவைடி சொல்றது?"

இஷ்பெல் மீதி ஜாம் ரோல் இருந்த தட்டை அவர்களுக்கு நடுவே தள்ளினாள். ராப் தன் முனையைப் பார்த்தான். எழுந்து மேசையைச் சுற்றிப்போய் நெட்டாவின் முனையைப் பார்த்தான். நெட்டா இந்தப் பக்கம் வந்தாள். ஒரே சுருள்தான், ஒரு முனையில் வலது, மறுமுனையில் இடது.

"உள்ள எழுத்து இருக்கிற கோல்னா ஒரு முனையில மை தடவி வைப்போம், தலைகீழா விழக்கூடாதுன்னு," என்றான் ராப் மெதுவாக. "காத்தாடியை யாரு பாத்தா?"

"மாடியில பூ அடுக்கின பொண்ணுங்க எப்படி விழுந்துச்சோ அப்படியே வெச்சிருப்பாளுங்க," என்றாள் நெட்டா.

"அப்போ ரெண்டும் ஒரே கோலா?" என்று கேட்டார் கின்னியர். "வலது இடதுன்னு ரெண்டு தட்டு வெச்சு அலமாரியே அடிச்சேனே."

"என் விதியை நம்பித்தானே அடிச்சீங்க தலைவரே. விதி தப்பு."

ஊரே தன்னை நிபுணர் என்று சொல்லக் காரணமான ஒரே விதி அது. ஆனாலும் கல்லை இறக்கி வைத்ததுபோல் தோளைத் தளர்த்திக்கொண்டு இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சாப்பிட்டாள்.

"கட்டியை உருட்டினது நான்," என்றான் ராப்.

"காத்தாடி அச்சை வெட்டினது நான்," என்றாள் நெட்டா.

"ஒரு முனையை மட்டும் பிடிச்சு யாராவது நடந்து காட்டுங்க, அவங்க பேரை மட்டும் போடறேன்," என்றாள் இஷ்பெல்.

யாரும் எழவில்லை. நெட்டா கேட்டாள், "சரி, யாரு பேரு முதல்ல?"

இஷ்பெல் வட்டமான அட்டையில் பெயர்களை விளிம்பைச் சுற்றி எழுதினாள். முதலும் இல்லை, கடைசியும் இல்லை. அருங்காட்சியகத்தார் பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பேப்பர் வெயிட் இன்னும் பெர்த்தில் இருக்கிறது. கின்னியர் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தார். இப்போது அதில் கோப்பைகள் நிற்கின்றன. இரண்டு குளிர்காலம் கழித்து ராப் நுரையீரல் நோயில் இறந்தான். சவப்பெட்டியைக் குழியில் இறக்கக் கயிறு பிடித்தவர்களில் நெட்டாவும் ஒருத்தி. நெட்டாவும் இஷ்பெல்லும் வியாழக்கிழமைகளில் நீந்தப் போகிறார்கள். நாயை நெட்டா வளர்க்கிறாள். இஷ்பெல்லிடம் இப்போது யாரும் பேப்பர் வெயிட் கொண்டுவந்து காட்டுவதில்லை.