மஞ்சள் சீட்டு

எங்கள் சபையில் கேட்பதற்கு வெள்ளைச் சீட்டு, நன்றி சொல்வதற்கு மஞ்சள் சீட்டு. சனிக்கிழமை மதியம் சீட்டுப் பெட்டியைத் திறந்து, இரண்டையும் பிரித்து, மறுநாள் ஆராதனையில் போதகர் வாசிக்கும் தாளில் தட்டச்சு செய்வது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். வெள்ளை நாற்பதுக்குக் குறையாது. இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருப்பார்கள். மஞ்சள் ஐந்தோ ஆறோ தேறும். அதிலும் பாதி, நன்றி என்ற பெயரில் ஊருக்குத் தம்பட்டம் அடிப்பது. மகளுக்கு வேலை கிடைத்தது என்று எழுதினால் போதாதா? எந்தக் கம்பெனி, எத்தனையாவது மாடி என்பதெல்லாம் ஆண்டவருக்குத் தெரியாதா என்ன? நான் வெட்டிவிடுவேன். அதனால் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

நான் கை வைக்காத மஞ்சள் சீட்டு ஒன்றே ஒன்றுதான். பூட்டுக்கடை அண்ணனின் மனைவி வாராவாரம் போடுவது. "என் மகனைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்ததற்காக ஸ்தோத்திரம்." மகன் வரவில்லை. சரக்குக் கப்பலில் மெக்கானிக்காகப் போனவன். கப்பல் மூழ்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. பிழைத்தவர்கள் பட்டியலிலும் அவன் இல்லை, இறந்தவர்கள் பட்டியலிலும் இல்லை. கேட்டதைப் பெற்றுக்கொண்டதாகவே நம்பி முன்கூட்டியே நன்றி சொல்ல வேண்டும் என்று போதகர் எப்போதோ ஒரு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம்கூட வெள்ளைச் சீட்டை எடுத்ததில்லை. "குடுத்தவர்கிட்டயே மறுபடி மறுபடி கேட்டா மரியாதையா இருக்குமா?" என்பாள். அந்த வரியை வாசிக்கும்போது மட்டும் போதகர் தாளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

அண்ணன் சபைக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. ஞாயிறுதோறும் அண்ணியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வெளிப்படியில் உட்கார்ந்திருப்பார். சபைப் பூட்டுகளெல்லாம் அவர் கைவேலைதான். ஆனால் முழங்கால் போடுவது என்றால் ஆகாது. "யார் காலையும் பிடிச்சு எனக்குப் பழக்கமில்ல, தங்கச்சி. மேல இருக்கவரா இருந்தாலும் சரி." மகன் காணாமல் போன பிறகும் அந்த வீம்பு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை அலுவலக அறைக்கு வந்தார். பூட்டு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "அண்ணே, பீரோ இப்ப நல்லாத்தான் திறக்குது" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார். உப்பேறிப் பச்சை பிடித்த பித்தளைச் சாவி.

"என் வீட்டுச் சாவி," என்றார். "கப்பல் கம்பெனிக்காரங்க, உங்க பையனோடதான்னு பாருங்கன்னு கவர்ல போட்டு அனுப்பியிருக்காங்க. ஏதோ ஒரு துறைமுகத்துல கரை ஒதுங்கின உடம்பை, பேர் தெரியாத ஆளுன்னு பொதைச்சிருக்காங்க. போன வருஷமே. பாக்கெட்ல இது ஒண்ணுதான் இருந்துச்சாம்."

ஒரே மாதிரிச் சாவி ஆயிரம் இருக்கும் என்று ஏதோ உளறினேன். அவர் அதைத் திருப்பிக் காட்டினார். தலைப்பக்கத்தில் அரம் வைத்து இழுத்த மூன்று சின்னக் கீறல்கள். தான் வெட்டும் சாவிகளில் அவர் போடும் அடையாளம் இரண்டு கீறல். மகனுக்கென்று வெட்டியதில் மட்டும் மூன்று. அவன் எந்த நேரம் வந்தாலும் திறக்க வேண்டுமே என்றுதான், தேய்ந்துபோன வாசல் பூட்டை மாற்றாமலே வைத்திருந்தார்.

"அண்ணிக்கு?"

"தெரியாது. கவர் கடைக்குத்தான் வந்துச்சு." கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அண்ணியின் வரி இருந்தது. "இதை அழிச்சிடச் சொல்லத்தான் வந்தேன். வேணாம். நாளைக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும். ஆராதனை முடிஞ்சதும் நானே சொல்லிடுறேன். வீட்ல வச்சுச் சொல்ல என்னால ஆகாது. இதைப் பையில வச்சுக்கிட்டு அந்த வாசலைத் திறந்து அவளை உள்ள கூட்டிட்டுப் போகணுமே. நீயும் கூட இரு."

இருக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் அவர் படியில் உட்காரவில்லை. ஆராதனை தொடங்கிய பிறகு உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த அண்ணி கவனிக்கவில்லை. போதகர் மஞ்சள் வரிகளை வாசித்துக்கொண்டே வந்து அந்த வரியையும் வாசித்தார். சபை ஆமென் என்றது. அண்ணியின் குரல் எப்போதும்போல மற்றவர்களை முந்திக்கொண்டது. நன்றி வாசித்ததும் எல்லோரும் முழங்காலிடுவது எங்கள் வழக்கம். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் முழங்காலில் இருந்தார். நெற்றி முன்பெஞ்சில் முட்டியிருந்தது. ஜெபித்தாரா, கால் ஓய்ந்து சரிந்தாரா, எனக்குத் தெரியாது. அவருக்காக நான் ஜெபிக்கப் பார்த்தேன். ஊராரின் ஜெபங்களையே தட்டச்சு செய்து செய்து, என்னிடம் சொந்தமாக ஒரு வார்த்தையும் மிஞ்சவில்லை. வெட்கமாக இருந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. எப்போது எழ வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாட்டு தொடங்கிவிட்டது. பக்கத்தில் கிசுகிசுப்பு கேட்டு அண்ணி திரும்பினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பதினான்கு மாதமாக நான் பார்த்ததில்லை.

முடிந்ததும், பேசிவைத்தபடி, அவர் அவளை அலுவலக அறைக்கு அழைத்துவந்தார். வலது கை மூடியிருந்தது. உள்ளே சாவி இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

"இருங்க, நான் முதல்ல." அண்ணி என் மேசையில் இருந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உருவி, நின்றபடியே எழுதினாள். "இவருக்காகக் கேக்கவே கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன், பாரு. கேக்காமலே குடுத்துட்டாரு. இவரையே முழங்கால் போட வச்சவருக்குப் பையனைக் கொண்டுவர்றது ஒரு காரியமா?"

சீட்டை என் கையில் வைத்தாள். "என் கணவரை முழங்காலிடச் செய்ததற்காக ஸ்தோத்திரம்." அதற்குக் கீழே, வழக்கமாக எழுதும் அந்த வரி.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய், பூட்டைப் பார்ப்பவர்போல் குனிந்தார்.

"பூட்டை அப்புறம் பாத்துக்கலாம், வாங்க," என்றாள் அண்ணி. "வீட்டுக்குப் போகலாம்."

அந்தப் பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. போன மாதம்தான் அவரே எண்ணெய் விட்டிருந்தார். இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். வலது கை மூடியபடியே இருந்தது.