பாதகத்தி வந்திருந்தாள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. பொய்யைச் சொன்னவன் நவநீதன். நம்பி நான்கு பக்கம் எழுதியது நான்.

காதல் தெம்மாங்குகளில் வரும் ஏக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத்தான் கம்பைநல்லூர் போனேன். நவநீதனுக்கு நாற்பத்தைந்து வயது. மக்காச்சோளம் போடுகிறான், பண்டிகை மேடைகளில் பாடுகிறான். அவனே கட்டிய பாட்டு ஒன்று இந்தப் பக்கத்துப் போன்களிலெல்லாம் ஓடுகிறது:

பஸ் ஸ்டாண்டுல நான் நிக்க
பாதகத்தி வரலியே

"நெசமா நடந்ததுங்க. இருவது வருசமாச்சு," என்றான். கண் கலங்கியது. கட்டுரையை அங்கேயே விட்டுவிட்டுக் கதைக்குத் தாவினேன்.

2

முதல் தொடக்கம்: கம்பைநல்லூர் வானம் அன்று அவனுக்காக அழுது—

(மழையே பெய்யவில்லை. விசாரித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: அவள் பெயர் ஆக்சிலியா. இவன் வீட்டில் மாரியம்மன், அவள் வீட்டில் மாதா. தருமபுரிக்கு ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள இருவரும்—

இங்கே பேனா நின்றது. ஆக்சிலியா ஏன் வரவில்லை? காரணமே சொல்லாமல் ஒருத்தியைப் பாதகத்தியாக்கப் பாட்டுக்காரனால் முடியும். கதைக்காரனுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.* நம்பரைத் தேடிப் பிடித்து அவளிடம் பேசினேன்.

* கொஞ்சம்தான்.

3

"யாருங்க வரல?" என்றாள் ஆக்சிலியா. "காலைல ஆறு மணிக்குப் பையோட வந்து நின்னேன். பதினோரு மணிக்கு எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனாரு. இப்ப எங்க வூட்டுக்காரரு போன்ல அந்தப் பாட்டுதாங்க ரிங்டோன். அவருக்கு ஒன்னுந் தெரியாது. எவன் கூப்பிட்டாலும் எங்க வூட்லயே நான் பாதகத்தி."

என் நான்கு பக்கமும் குப்பைக்குப் போயின.

நவநீதனிடம் கேட்டேன். செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தான். "எங்கப்பனுக்குப் பயந்துக்கிட்டு பம்புசெட் ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டேங்க. நான் வரலைன்னு பாடுனா எவன் கேப்பான்?"

இதை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன். [எழுத்தாளன் கோள் மூட்டலாமா? கூடாது.]

 "நான் கேப்பேன்னு சொல்லுங்க," என்றாள்.

4

பாப்பிரெட்டிப்பட்டிப் பண்டிகை, சாயங்காலம். முன்வரிசையில் கணவனோடு ஆக்சிலியா. அவள் சொன்னதைக் கேட்டுத் திருத்திய வரியை நவநீதன் என்னிடம் பத்துத் தடவை பாடிக் காட்டியிருந்தான்:

பஸ் ஸ்டாண்டுல அவ நிக்க
பாவி நான் வரலியே

அந்த இடம் வந்தது. அவளைப் பார்த்தான். மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டான்.

"பாதகத்தி வரலியே!" என்று ஊரே பாடியது. அவள் கணவர்தான் எல்லாரையும் விடச் சத்தம். ஆக்சிலியா எழுந்தாள், புடவையை உதறினாள், திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

5

மேடைக்குப் பின்னால் நவநீதன் என் கையைப் பிடித்துக்கொண்டான். 

"ரெண்டாவது வாட்டியும் நான் போகலீங்க. கதையிலயாவது பாடுன மாதிரி எழுதிடுங்க."

எழுதலாம். ஒரு வரிதான் செலவு. உங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அப்புறம் அவன் பாட்டுக்கும் என் கதைக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே: நவநீதன் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோய் ______________

நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: நிரப்பியதை ஆக்சிலியாவிடம் நீங்களே நேரில் போய்ப் படித்துக் காட்ட வேண்டும்.

நான் வர மாட்டேன்.