பெட்டியின் மேல் எழுதாத பெயர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. போன முறை நான் சென்னைக்கு வந்திருந்தபோது, கணினித் துறையில் பெரிய பதவியில் இருக்கும் ஒரு நண்பர், "லினக்ஸை வீட்டு ஜனங்களுக்கு வித்துக் காசு பண்ணின ஆள் உலகத்துலயே கிடையாது" என்றார். "ஜோர்டான்ல, அம்மான் நகரத்துல நாங்க வித்தோம்" என்றேன். அவர் சிரித்தார். வாதாடியிருக்கலாம். பதிலாகக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அவற்றை மறைக்கப் போவதில்லை.

அம்மானின் வெள்ளைக் கல் வீடுகள் மேல் மாலை வெயில் சாய்ந்து

(நிறுத்திவிட்டேன். வெயிலுக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை.)

லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது. ஒரே வித்தியாசம், அதை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற

(பாடப்புத்தகம். ஆனாலும் அடிக்க மனமில்லை. இந்த விவரம் தெரியாவிட்டால் பின்னால் வரும் சண்டைகள் புரியாது.)

ஹதீல் கக்கீஷ், 'லினக்ஸ்' என்ற சொல்லைப் பெட்டியின் மேல் அச்சடிக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

இதுதான் சரியான தொடக்கம்.

2

நிறுவனத்தின் பெயர் பைதர். அரபியில் களத்துமேடு என்று பொருள். வஸ்ஃபி அத்-தல் தெருவில் ஒரு ஃபலாஃபில் கடையின் மாடியில் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் எண்ணெய் வாசனை அடிக்கும். நாங்கள் மூன்று பேர். முதலாளி ஹதீல், முன்பு வங்கியில் இருந்தவள். நிரலாளன் முஹன்னத் ஷீஷானி, ஸர்கா ஊர்க்காரன், உலகத்தில் யாரோ எழுதிய லினக்ஸை எடுத்து அரபி பேச வைத்தவன். மூன்றாவது ஆள் நான், கதிர்வேலு. ஸஹாப் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வைக்கு வந்து, தையல் வரிசைப் பெண்களிடம் அரபி கற்றுக்கொண்டு, ஹதீலின் விளம்பரம் பார்த்துத் தாவியவன். அங்கே எல்லோருக்கும் நான் காதர். திருத்துவதை விட்டுப் பல வருடம் ஆகிறது.

சண்டை நடந்த காலையில், லினக்ஸ் ஏற்றிய கம்ப்யூட்டரை வைத்து விற்கும் அட்டைப்பெட்டியின் மாதிரி வந்திருந்தது. பச்சை நிறம், நடுவில் ஒரு கோதுமைக் கதிர், கீழே "வீட்டுக் கணினி".

"லினக்ஸ் எங்க?" என்றான் முஹன்னத்.

"உள்ள இருக்கு."

"பெட்டி மேல எங்கன்னு கேட்டேன்."

"ஷேக்," என்றாள் ஹதீல். அவன் நியாயம் பேசும்போதெல்லாம், மதபோதகரைக் கூப்பிடுவதுபோல, கேலியாக அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஃபிரிட்ஜ் வாங்கறவங்க உள்ள என்ன வாயு ஓடுதுன்னு கேக்கறாங்களா? ஜில்லுனு இருக்கா, அவ்ளோதான்."

"ஆயிரக்கணக்கான பேர் கூலி வாங்காம எழுதினது முதலாளியம்மா இது. அவங்க பேரை மறைச்சு விக்கறதுக்கு எங்க ஊர்ல வேற வார்த்தை இருக்கு."

"மறைக்கல. திறந்தா முதல் பக்கத்துலயே இருக்கு, நீயே எழுது, ரெண்டு பக்கம் எழுது. வாசல்ல மட்டும் பயமுறுத்தாத. அந்த வார்த்தையைக் கேட்டா, இது படிச்ச பசங்களுக்குன்னு ஜனங்க நகர்ந்து போயிடுவாங்க."

அவன் மாதிரிப் பெட்டியைத் தட்டையாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். பெட்டி அப்படியே அச்சுக்குப் போயிற்று.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் போட்டி விண்டோஸ் என்று நினைப்பீர்கள். நேரடியாக அது இல்லை. போட்டி, நகர மையத்துப் படிக்கட்டுகளில் துணி விரித்து ஒரு தினாருக்கு விற்கப்பட்ட விண்டோஸின் திருட்டு வட்டு. இலவசப் பொருளைத் திருட்டுப் பொருளுக்கு எதிராக எப்படி விற்பது? வியாபாரக் கல்லூரிகளில் இதற்குப் பாடம் இருப்பதாகத் தெரியவில்லை. ஹதீலின் விடை இதுதான்: மென்பொருளை விற்காதே, பொறுப்பை விற்பனை செய். பெட்டியோடு ஒரு வருடத்துக்குத் தொலைபேசி உதவி. படிக்கட்டு வியாபாரிக்கு யாரும் போன் பண்ண முடியாது.

அந்தப் போனை எடுக்கத்தான் என்னை வைத்தாள். "உன் அரபியைக் கேட்டா யாருக்கும் வெக்கம் வராது காதர். தனக்குத் தெரியலன்னு உன்கிட்ட சொல்றது அவங்களுக்கு சுலபம்" என்றாள். பாராட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் உண்மை.

இன்னொரு துணிச்சலும் செய்தாள். கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகவே இல்லை. அங்கே விற்பனையாளனே திருட்டு வட்டைப் போட்டுத் தருவான். நேராக அபூ கஸ்ஸானிடம் போனாள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு விற்கும் பெரிய கடைகள் நடத்துபவர். கையில் எப்போதும் ஜபமாலை உருளும். "பேசற மெஷின் எனக்குப் புதுசும்மா. ஆனா உன் அப்பாவை எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அடுப்புகளுக்கு நடுவே இடம் கொடுத்தார்.

விற்றது. பிறகு திரும்பி வந்தது. ஒவ்வொன்றாக, கயிறு கட்டி, பெட்டி கிழிந்து. அபூ கஸ்ஸான் ஹதீலை அழைத்தார். "என் கடையில வாங்கின அடுப்பு இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல. மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு. கோவமா சொல்லல, மகளே."

ஹதீல் மாடிக்கு வந்து, "கார் சாவியை எடு காதர். திருப்பிக் கொடுத்தவங்க வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

4

பல வீடுகளுக்குப் போனோம். கதையில் ஒரு வீடு போதும்.

உம் லைத், அதாவது லைத்தின் அம்மா, அஷ்ரஃபிய்யாவில் வீட்டிலேயே மஆமூல் செய்து விற்பவர். பேரீச்சை வைத்த அந்தப் பெருநாள் பலகாரத்துக்கு அவர் கை பெயர்போனது. டப்பாக்களில் ஒட்டத் தன் பெயரை அச்சடிக்க நினைத்துத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். காபி கொடுத்தார், ஒரு தட்டு மஆமூல் வைத்தார், பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்.

அரபி எழுத்துகள் கைகோத்துத்தான் நிற்க வேண்டும். அந்தத் தாளில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தலைகீழ் வரிசையில், சண்டை போட்டுக்கொண்ட உறவினர்கள் மாதிரி நின்றன.

(தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே ஒரு வெற்று வட்டம் என்று நம் பெயரைத் திரையில் பார்த்தவர்கள்தானே நாம்.)

"இது என் பேராம்," என்றார் உம் லைத். "நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவ. இதை டப்பாவுல ஒட்டினா, தெரியாதவன்னு நினைப்பாங்க."

ஹதீலின் முகம் சிவந்தது. "உங்க மேல தப்பில்ல, காலா," என்று சித்தி முறை வைத்துச் சொன்னாள். "எங்க மேல."

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் அபூ லைத், ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவ பிரச்சனையை விடு. இதுல தர்னீப் இல்ல."

தர்னீப், நாலு பேர் ஜோடி ஜோடியாக ஆடும் சீட்டாட்டம். ஜோர்டானில் அது தெரியாத வீடு கிடையாது.

"சீட்டாட்டம் இருக்கே," என்றேன்.

"தனியா ஆடறது இருக்கு. தனியா ஆட நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்? இந்தியாக்காரனே, நீ எந்தக் கடையில அரபி வாங்கின? அதையும் திருப்பிக் குடுத்துடு."

ஹதீல் சிரித்தே விட்டாள். அந்த வாரத்தில் முதல் தடவை.

5

முஹன்னத் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவனைக் கொள்கைக் குன்றாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் சிலைபோல இருந்தான், சாப்பிடாதவன், இருமாதவன். நிஜ முஹன்னத் ஓயாமல் பூசணி விதை கொறிப்பான், தோலை விசைப்பலகையில் சிந்துவான். ஆகவே மறுபடி எழுதுகிறேன்.

எழுத்து சிதறும் தாளைப் பார்த்ததும் விதை கொறிப்பது நின்றது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அச்சு இயந்திரத்துக்குப் போகும் வழியில் எழுத்துகளை எது பிரிக்கிறது என்று தேடிச் சரிசெய்தான். செய்ததை, வழக்கப்படி, உலகத்துக்கே இணையத்தில் இலவசமாக ஏற்றினான். பிறகு ஹதீல் தர்னீப் பற்றிச் சொன்னாள்.

"நான் சிஸ்டம் எழுதறவன். சீட்டுக்கட்டு எழுதறவன் இல்ல."

"எழுத வராதுன்னா சொல்லிடு. வேற ஆளைப் பாக்கறேன்."

அது போதுமாக இருந்தது. எழுதினான். அபூ லைத் வீட்டுக்கு மெஷின் திரும்பிப் போயிற்று. மறுநாளே போன். என்னிடம் இல்லை, "எழுதினவனைக் குடு" என்றார்.

"தம்பி, என் ஜோடி மடையன்."

"யாரு?"

"உன் கம்ப்யூட்டர். எனக்கு ஜோடியா உக்காந்திருக்கானே, அவன். நான் ராஜாவை இறக்கறேன், அவன் துருப்புப் போட்டு வெட்டறான். சொந்த ஜோடியை எவனாவது வெட்டுவானா?"

முஹன்னத் விளக்க ஆரம்பித்து, நிறுத்தி, ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டு, "எந்தக் கட்டத்துல வெட்டினான், நிதானமா சொல்லுங்க" என்றான். அதன் பிறகு அவர்கள் அடிக்கடி பேசிக்கொண்டார்கள். பயனாளர் என்றால் படித்துக்கொண்டு வரவேண்டியவர் என்று நினைத்திருந்த மனிதன், ஓய்வு பெற்ற ஒரு சார்ஜெண்டிடம் கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. ஜோடிக்குப் புத்தி வந்தது. மெஷின்கள் திரும்பி வருவது குறைந்தது. அபூ கஸ்ஸானின் வெள்ளிக்கிழமை வந்து, பேச்சில்லாமல் போயிற்று.

6

விற்பனை சூடுபிடித்ததும் ஒரு விசித்திரமான அழைப்பு வந்தது. ஸர்காவிலிருந்து ஒருவர், சத்தம் வரவில்லை என்றார். பதிவு எண் கேட்டேன். இல்லை. அவர் வாங்கியது எங்களிடம் அல்ல. ஸர்காவில் ஒரு கடைக்காரர் எங்கள் மென்பொருளை அப்படியே நகலெடுத்துத் தன் கம்ப்யூட்டர்களில் ஏற்றி, மஞ்சள் பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் தொலைபேசி எண்ணை அழிக்க மட்டும் மறந்துவிட்டார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு ஹதீலிடம் கேட்டேன். "என்ன செய்ய?"

"சத்தம் வர வை," என்றாள். "வந்தப்புறம், வருஷச் சந்தா வேணுமான்னு கேளு."

அவர் சந்தா கட்டினார். அடுத்து அழைத்தவரும் கட்டினார்.

ஆனால் அபூ கஸ்ஸான் காதுக்கு மஞ்சள் பெட்டி எட்டிவிட்டது. ஹதீலையும் என்னையும் கூப்பிட்டார். இர்பித், ஸர்கா, அகபா எல்லாக் கிளைகளிலும் வைக்கத் தயார், ஒரே நிபந்தனை. "அந்தப் பையன் எழுதறதையெல்லாம் ஊருக்கு வாரி வழங்கறதை நிறுத்தணும். நான் கடை போடுவேன், எதிர்க்கடைக்காரன் சும்மா அள்ளிட்டுப் போவான். இது வியாபாரமா?"

"மத்தவங்க எழுதினதுமேல எழுதினதைப் பூட்ட எங்களுக்கு உரிமை கிடையாது," என்றாள் ஹதீல். "சீட்டாட்டம் முழுக்க அவன் எழுதினது. அதைப் பூட்டலாம்."

"அப்ப அதைப் பூட்டு."

(இங்கே ஒரு பக்கம் அவள் மனப்போராட்டத்தை எழுதி வைத்திருந்தேன். பொய். அவள் போராடவில்லை, டீயை ஒரு வாய் குடித்தாள்.)

"மாட்டேன், அபூ கஸ்ஸான். அவன் என்கூட இருக்கறதே பூட்டாததுனாலதான். நகல் எடுக்கறவங்க எடுக்கட்டும். பழுதானா யாருக்குப் போன் பண்றாங்க? எங்களுக்கு. மஞ்சப் பெட்டிக்காரர் செலவே இல்லாம எனக்கு ஆள் பிடிச்சுத் தர்றாரு."

ஜபமாலை நின்றது. "அப்பன் மாதிரியே பிடிவாதம்," என்றார். மறுபடி அதை உருட்டிக்கொண்டே, "எல்லாக் கிளையும் இல்ல. ஒண்ணே ஒண்ணு. ஸர்கா. அந்த மஞ்சப் பெட்டிக் கடைக்கு நேர் எதிர்ல. ஜெயிச்சுக் காட்டு, மீதியைப் பேசுவோம்."

7

முடிவுகள்.

முதலில் எழுதியதில் ஹதீலும் முஹன்னத்தும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாள், நல்ல பெண்மணி. கிழித்தேன். இரண்டாவதில் நிறுவனம் மூழ்கியது. சிற்றிதழ் வாசகருக்குத் தோல்வி பிடிக்கும். ஆனால் அது மூழ்கவில்லை. மற்றக் கிளைகளும் பிறகு கிடைத்தன. சென்னை நண்பர் குறித்துக்கொள்ளலாம்.

உண்மையில் எனக்கு வேண்டிய முடிவு ஸர்கா கிளையின் முதல் காலை. முஹன்னத்துக்குச் சொந்த ஊர்; இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். எதிர்க்கடையில் மஞ்சள் பெட்டிகள் அடுக்கியிருந்தன. முதலில் உள்ளே வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பச்சைப் பெட்டியைச் சுற்றி வந்து, படித்து, விற்பனையாளனைப் பார்த்துக் கேட்டார்: "இதுல விண்டோஸ் இருக்கா?"

விற்பனையாளன் அபூ கஸ்ஸானைப் பார்த்தான். அபூ கஸ்ஸான் ஹதீலைப் பார்த்தார். ஹதீல் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் வைத்திருந்தவள். இருந்தும் முஹன்னத் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு," என்றாள். "ஷேக்" என்று சேர்க்கவில்லை.

அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். ஆசிரியை யோசித்தார். "கெட்டுப்போனா யாரைக் கேக்கணும்?" என்றார். அவன் என்னைக் காட்டினான். அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்த வாக்கியம் என்ன? இந்தக் கதையை இருவருக்கும் அரபியில் வாசித்துக் காட்டினேன். லினக்ஸ் என்ற சொல்லைத்தான் அவன் முதலில் சொன்னான் என்று ஹதீல் அடித்துச் சொல்கிறாள், பெருமையாக. அந்தச் சொல்லையே தான் எடுக்கவில்லை என்று முஹன்னத் சத்தியம் செய்கிறான், அவனும் பெருமையாக. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியும். இருவரில் ஒருவரைத் தோற்கடிக்க எனக்கு மனமில்லை.

ஆகையால் இடம் விட்டிருக்கிறேன்.

முஹன்னத் சொன்னான்: "                                        "

நீங்கள் நிரப்புங்கள். சுருக்கமாக இருக்கட்டும். ஆசிரியைக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும், வெளியே டாக்ஸிக்காரர் இறங்காமல் காத்திருக்கிறார்.